தகரக் குழாயில் வந்த குரல்

உழவர்கரையில் வீடுகளுக்குப் பின்னால் ஒதுங்கிய ஒரு சந்தின் கடைசியில் அந்தத் தலையணைக் கம்பெனி இருந்தது. ஆலைகளில் கழித்துப் போடும் பஞ்சை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து, பிரித்து, சுத்தம் செய்து, தலையணையும் மெத்தையுமாகத் தைத்து அனுப்புவார்கள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது மிதக்கும் பஞ்சுதான். கூரையில் கண்ணாடித் தகடு பதித்த இடங்களில் வெயில் இறங்கும். அந்த வெயிலுக்குள் பஞ்சுத் துகள்கள் அவசரமே இல்லாமல் ஏறும், இறங்கும், ஒன்றையொன்று தொடாமல் விலகிப் போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு தும்முவார்கள்.

அந்தத் தூசியை இழுத்து வெளியே தள்ளுவதற்குக் கொட்டகையின் பின்புறம் தனி அறையில் ஒரு ப்ளோயர் இருந்தது. நத்தைக்கூடு போலச் சுருண்ட இரும்புக் கூடு, ஆள் உயரம். அதற்குள் அகலமான தகடுகள் பொருத்திய ஒரு சக்கரம். ஒவ்வொரு மெஷினின் தலைக்கு மேலும் தொப்பி போல ஒரு தகர வாய் கவிழ்ந்திருக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் குழாய்கள் எல்லாம் கூரையோரமாக ஓடி, ஒன்றாகக் கூடி, அந்தச் சக்கரத்தில் வந்து முடியும். சக்கரம் சுழன்றால் தூசி குழாய் வழியே வந்து, கூரைமேல் உள்ள கூம்புத் தொட்டிக்குப் போய்விடும். பஞ்சு அடியில் தங்கும், காற்று மேலே திறந்த வாய் வழியாக வானத்துக்குப் போகும்.

ஹேமலதாதான் அந்த ப்ளோயரைப் பார்த்துக்கொண்டாள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். காலையில் வந்ததும் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பாள், பெல்ட்டை மூடிய கம்பி வலையின் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்ப்பாள். காற்று வழியை அடைக்கும் தகரக் கதவை முழுக்க மூடி வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாள். சக்கரம் முனகி, எழுந்து, ஒரே சீரான ஓசையைப் பிடித்த பிறகு கதவை மெல்ல மெல்லத் திறப்பாள். அப்போது கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். மாட்டின் வயிற்றில் கை வைத்தாற்போல வெதுவெதுப்பாக, உயிரோடு இருக்கும் அது.

அவள் கணவன் பக்கிரி அதே கம்பெனியில் பஞ்சு பிரிக்கும் மெஷினில் நின்றான். இரண்டு பேரும் ஒரே பைக்கில் வருவார்கள், போவார்கள். ஆனால் சில வாரங்களாக அவர்களுக்குள் பேச்சு இல்லை.

காரணம் ஓர் இருமல். மழைக்காலம் முடிந்தும் பக்கிரிக்கு இருமல் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவான். மாஸ்க் போடச் சொன்னாள், டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிவிட்டு வரச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"உன் ஃபேன் ஒழுங்கா இழுத்தா எனக்கு இன்னாத்துக்கு மாஸ்க்கு?"

அவன் தள்ளிய தட்டை அவள் எடுத்தாள். பொய்யான சொல்லாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். ப்ளோயரின் இழுப்பு குறைந்துகொண்டே வருவதை அவளும் கவனித்திருந்தாள். வெயிலில் மிதக்கும் பஞ்சு முன்னைவிட அதிகமாகியிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் மகள் சிந்துஜா வழியாகத்தான் நடந்தது. "அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீரப்போவுது." "அம்மாகிட்ட சொல்லு, நாளைக்கி வாங்கியாறேன்." எட்டாம் வகுப்புப் பிள்ளை, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

அந்த வாரம் ப்ளோயரின் உடம்பில் ஒரு நடுக்கம் வந்திருந்தது. முதலில் உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்தது. அப்புறம் அறையின் ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்க ஆரம்பித்தது. சூப்பர்வைசர் வினோத்குமாரிடம் சொன்னாள். அவன் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மரியாதையான பையன், எந்நேரமும் காதில் போன்.

"லாரி லோடு போயிடட்டும்க்கா. ஞாயித்துக்கிழமை தெறந்து பாத்துடலாம்."

அவளும் சரியென்றுதான் இருந்தாள். ஆனால் வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், அடித்தளத்து போல்ட் ஒன்று தானாகச் சுழன்று கழன்று தரையில் விழுந்தது. அவள் உடனே ப்ளோயரை நிறுத்தினாள்.

"சாப்பாட்டு நேரத்துல தெறந்து சுத்தம் பண்ணிடறேன் சார்" என்று சொன்னாள். வினோத்குமார் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே தலையாட்டினான். அவன் தலையாட்டியது போனில் பேசியவருக்கு என்பது அவளுக்குத் தெரியாது.

கொட்டகைக்குள் இருந்த மெயின் சுவிட்சை இறக்கி, தன் புகைப்படம் ஒட்டிய சிவப்புப் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியை வேலைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள். ப்ளோயர் அறைக்கு வந்து, சக்கரம் தன் வேகமெல்லாம் தீர்ந்து நிற்கும்வரை காத்திருந்தாள். கரண்டு போன பிறகும் அது வெகுநேரம் சுற்றும். நின்றதும் காற்றுக் கதவை மூடப் பார்த்தாள். இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு, ஒரு கை போகிற அளவுக்குச் சந்து விட்டுக் கதவு நின்றுவிட்டது. சக்கரம் அசையாமல் இருக்க மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாள். கதவருகே காவலுக்கு ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். எல்லோரும் சோற்றில் கை வைத்திருக்கிற நேரம், யாரைக் கூப்பிடுவது என்று விட்டுவிட்டாள்.

கூட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து, இடுப்பளவு உள்ளே நுழைந்தாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சக்கரத் தகடுகளின் மேல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடையடையாகக் காய்ந்திருந்தன. சில தகடுகளில் கனமாக, சில தகடுகளில் ஒன்றுமே இல்லாமல். ஒரு பக்கம் பாரம் கூடினால் சக்கரம் நடுங்காமல் என்ன செய்யும்! சுரண்டியால் ஒரு தகட்டைச் சுத்தம் செய்வாள், கட்டையை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தைத் தள்ளி அடுத்த தகட்டை எதிரே கொண்டுவருவாள், மறுபடி கட்டையைச் செருகுவாள். உதிர்ந்த தூசி அவள் முகத்தருகே எழுந்து, வெளிச்சம் வந்த பக்கமாகச் சாய்ந்து, நின்று, இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்ததால் கொட்டகையின் பேச்சு முழுக்கத் தகரக் குழாய்களில் ஏறி, அந்த இருட்டுக் கூட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. டிபன் டப்பா மூடியின் ஓசை. தையல் பகுதி ஆயம்மாவின் சிரிப்பு. யாரோ தண்ணீர் விழுங்குவது. எல்லாமே ஆழமான கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல நீண்டு, குழைந்து வந்தன. தூரம் என்பதே இல்லாமல் எல்லோரும் அவள் காதருகே உட்கார்ந்து சாப்பிடுவது போலிருந்தது. அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

பக்கிரியின் இருமல் வந்தது. அதற்குப் பிறகு ஆயம்மாவின் குரல்.

"ஏம்பா, நீ மட்டும் தனியா துன்ற? லதா எங்க?"

"தெரியலக்கா."

"கேக்கறதுதான?"

குழாய்க்குள் காற்று மட்டும் உஸ்ஸென்றது.

"கேக்கணும்னுதான் தெனம் வண்டிய எடுக்கறேன்" என்றான் பக்கிரி. "சிக்னல் வர்றதுக்குள்ள தைரியம் போயிடுது. ஒரு வார்த்த வுட்டுட்டேன்க்கா. அத எப்பிடி எடுக்கறதுன்னு தெரியல."

ஹேமலதா அப்படியே இருந்தாள். சக்கரத்தை அடுத்த தகட்டுக்குத் தள்ளியிருந்தாள். கட்டை அவள் மடியில் கிடந்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அவன் முதுகு சில சமயம் விறைப்பதும் தளர்வதும் நினைவுக்கு வந்தது. கோபம் என்று நினைத்திருந்தாள். அவளுடைய வலது கை தகட்டின் மேல் சும்மா கிடந்தது.

மதியம் கடந்ததும் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும். அன்றும் கிளம்பியது. கொட்டகையின் பெரிய கதவு வழியாக நுழைந்து, தகர வாய்களில் புகுந்து, குழாய்களில் கூடி, மூடாமல் விட்ட சந்து வழியே வந்தது. சக்கரம், தூங்குகிற ஆள் புரண்டு படுப்பது போல, சத்தமே இல்லாமல் திரும்பியது.

அவள் கோட்டின் கைப்பகுதி தகட்டு முனையில் சிக்கியது. இழுத்துக்கொள்வதற்குள் முன்னங்கை தகட்டுக்கும் கூட்டின் விளிம்புக்கும் நடுவே போய் அமர்ந்துவிட்டது. எலும்பில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. பெரிய பாரமான அந்தச் சக்கரம் அதற்கு மேல் நகரவில்லை. பின்னாலும் போகவில்லை. காற்று அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருந்தது. இடது கையை நீட்டி முட்டுக் கொடுக்கப் பார்த்தாள். கட்டை மடியிலிருந்து நழுவி வெளியே தரையில் விழுந்தது.

அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் மாசி மகத்துக்கு ராட்டினம் போட்டிருந்தார்கள். அவள் ஒரு மரக் குதிரையின் மேல் உட்கார்ந்திருந்தாள். சாமிகள் எல்லாம் வரிசையாகத் தண்ணீரைப் பார்த்து நின்றன. ராட்டினம் சுற்றச் சுற்ற கடலும், சாமிகளும், ஐஸ் வண்டியும் வந்து வந்து போயின. வானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. உதட்டில் பட்டது. உப்பாக இருக்கும் என்று நாக்கை நீட்டினாள். பஞ்சு.

மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

குழாய்களில் இப்போது காலடிகள் நடந்தன. எங்கோ ஒரு பொத்தானை அழுத்தும் ஓசை. டிக். மறுபடியும் டிக். அவளுக்குத் தூக்கம் கலைந்தது போல எல்லாம் தெளிந்தது. ப்ளோயரைக் கிளப்பப் பார்க்கிறார்கள்.

"ப்ளோயர் ஏன் எடுக்கல?" வினோத்குமாரின் குரல். கொஞ்சம் கழித்து, "மெயின்ல பூட்டு போட்டுருக்கு. ஹேமலதாக்கா எங்க?"

"பெரிய மார்க்கெட்டு போணும்னு காலையில சொல்லிக்கினு இருந்துச்சே" என்றாள் ஆயம்மா. சாயங்காலம் மீன் வாங்கப் போகிறேன் என்றுதான் ஹேமலதா சொல்லியிருந்தாள்.

அறை மூலையில் தொங்கிய பையில் அவளுடைய போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுக்க மாட்டேங்கறாங்க. லாரிக்காரன் வாசல்ல நிக்கிறான். ஆபீஸ்ல இன்னொரு சாவி இருக்கு, எடுத்துனு வரேன்."

ஹேமலதா கத்தினாள். வாய் உலர்ந்து, சத்தம் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அறைக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லை. அவள் சுவர்ப் பக்கம் கத்துவதை நிறுத்திவிட்டு, குழாய் வந்து சேரும் வட்டமான இருட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, வாயில் வந்த முதல் சொல்லைச் சொன்னாள்.

"ஏங்க."

பக்கிரி அப்போது தன் மெஷினருகே, தகர வாய்க்குக் கீழே குனிந்து பஞ்சு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலிருந்து அந்தச் சொல் இறங்கியது. சில வாரங்களாகக் கேட்காத சொல். நினைப்புதான் இப்படிக் கேட்க வைக்கிறது என்று எண்ணி, அவிழ்த்த முடிச்சோடு அசையாமல் நின்றான்.

"ஏங்க... ப்ளோயர போடச் சொல்லாதீங்க. நான் உள்ள இருக்கறேன்."

அவன் மூட்டையை விட்டுவிட்டு ஓடினான். நேரே பின்கதவுக்குப் போகவில்லை. மெயின் சுவிட்ச் இருந்த சுவரைப் பார்த்து ஓடினான். வினோத்குமார் இன்னொரு சாவியைப் பூட்டுக்குள் நுழைத்துவிட்டிருந்தான்.

"கைய எடு சார்! பூட்டுல இருந்து கைய எடு! லதா உள்ள இருக்கா!"

வினோத்குமார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்வாங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ இங்கியே நில்லு. யாரையும் கிட்ட வுடாத" என்று சொல்லிவிட்டுப் பக்கிரி பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். ஓடும்போது இருமல் வந்தது. நிற்காமல் இருமிக்கொண்டே ஓடினான்.

பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே அவள் கால்கள் தெரிந்தன. அவன் உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தான். பஞ்சு படிந்து அவள் தலைமயிர் கிழவியுடையதைப் போல வெளுத்திருந்தது. அவன் அவள் தோளைப் பிடித்து இழுக்கப் போனான்.

"இழுக்காதீங்க" என்றாள். "காத்து தள்ளுது. மொதல்ல காத்துக் கதவ மூடுங்க. அதோ, அந்தக் கைப்பிடி."

அவன் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு கதவை மிதித்தான். அடைத்திருந்த பஞ்சு பிய்ந்துகொண்டு கதவு இறங்கியது. உள்ளே உஸ்ஸென்ற ஓசை அடங்கியது.

"இப்ப சக்கரத்த உங்க பக்கமா திருப்புங்க. மெதுவா. திருப்பினதும் கீழ கெடக்கற கட்டைய வெச்சிடுங்க."

"வலிக்குதா?"

"திருப்புங்க."

சக்கரம் அவன் பக்கமாக வந்தது. கை விடுபட்டது. அவன் முட்டுக் கட்டையைச் செருகிவிட்டு, கோட்டோடு சேர்த்து அவளை அள்ளி வெளியே எடுத்து, தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டான். ஒடிந்த கையைத் தன் உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டான். அவள் அவனையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தான். இருமல்தான் வந்தது.

"இன்னா பேசினாலும் அப்பறம் பேசலாம்" என்றாள். "நீங்க ஆயம்மாக்காகிட்ட சொன்னது கேட்டுச்சு."

ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்துக் கட்டினார்கள். விரல்கள் அசைந்தன; பிழைத்தது கை என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலம் வினோத்குமார் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து கட்டிலருகே நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரு நடை வந்து ரூம எட்டிப் பாத்திருக்கணும்க்கா. சாவி இருக்குன்னு எடுத்துட்டேன். ராத்திரி கண்ண மூடினா அந்தச் சாவி திரும்பற மாதிரியே இருக்கு."

"நானும் ஆள் நிறுத்தாம பூந்துட்டேன் சார்" என்றாள் ஹேமலதா. "பூட்டு போட்டாச்சுன்னு இருந்துட்டேன். காத்துக்குப் பூட்டு தெரியுமா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ப்ளோயரைப் பிரித்துப் பார்த்ததாகச் சொன்னான். பேரிங் தேய்ந்துபோய், சக்கரத்தைத் தாங்கும் தண்டில் முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் அந்த நடுக்கத்தோடு ஓட்டியிருந்தால் சக்கரம் கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும் என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னாராம். புதுச் சக்கரம் வரும்வரை பஞ்சு பிரிக்கும் வேலையையே நிறுத்தி வைக்கச் சொல்லி முதலாளியிடம் அவன் சண்டை போட்டிருந்தான். இன்னொரு சாவியை அவர் கண்ணெதிரிலேயே வெட்டிப் போட்டுவிட்டதாகவும், இனி பூட்டியவர் வந்துதான் திறக்க வேண்டும் என்றும் சொன்னான். சொல்லிவிட்டுப் பழப் பையைக் கையிலேயே பிடித்தபடி நின்றான். சிந்துஜா எழுந்து போய் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பக்கிரிதான் அவளுக்குத் தலை வாரினான். எங்கே பிரிப்பது, எப்படி மடிப்பது என்று தெரியாமல் பின்னல் ஒரு பக்கமாகவே போயிற்று. சிந்துஜா வாசற்படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மயிருக்குள் இன்னும் பஞ்சுத் துணுக்குகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஊதினான். அவை ஜன்னல் வெயிலுக்குப் போய், யோசித்து, கீழே இறங்கின.

"அன்னிக்கி அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது" என்றான், அவள் பின்னாலிருந்தே.

"சொன்னது சரிதான். இழுப்பு கொறஞ்சுதான் இருந்துச்சு."

"சரியா இருந்தாலும்."

அவள் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து அவன் முழங்காலில் வைத்துக்கொண்டாள். அவன் சீப்பைக் கீழே வைத்தான்.

கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடியே ஒரு காலையில் அவள் அவனைக் கோரிமேட்டில் இருக்கும் மார்பு நோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மரங்கள் அடர்ந்த வளாகம். உள்ளே ஓர் அம்மாள் பக்கிரியின் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்தாள்.

"நல்லா இழுத்து, ஒரே மூச்சா ஊதுங்க. நிறுத்தக் கூடாது. ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க..."

அவன் ஊதினான். கண்கள் பிதுங்கின. சின்னத் திரையில் ஒரு கோடு மலை போல ஏறி, மெல்லச் சரிந்து இறங்கியது. ஹேமலதா தன்னையறியாமல் தானும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கிரி பாதியிலேயே இருமிவிட்டான். மறுபடி ஊதச் சொன்னார்கள். இந்தத் தடவை கோடு இன்னும் கொஞ்ச தூரம் போய் இறங்கியது.

டாக்டர் பார்த்துவிட்டு, மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, ஆனால் இப்போதே வந்தது நல்லது என்றார். பஞ்சுத் தூசியிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். இன்ஹேலர் மருந்தை விடாமல் இழுக்க வேண்டும். தையல் பகுதிக்கு மாற்றித் தரக் கேட்கிறேன் என்று பக்கிரி ஒப்புக்கொண்டான்.

வெளியே வந்து மரத்தடியில் வண்டியை எடுத்தான். அவள் ஒற்றைக் கையால் அவன் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன், பக்கத்தில் கீரைக்கட்டுகள் ஏற்றிய ஆட்டோ.

"பசிக்குதா?" என்று திரும்பிக் கேட்டான்.

"ம்."

"இன்னா சாப்புடற?"

அவள் யோசித்தாள். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் பதில் சொல்லும்வரை அவன் வண்டியை எடுக்கவில்லை.